ஒரு டப்பாவுக்காக ஏன் அழுகிறோம்?

அனிமேஷன் படம் என்றால் குழந்தைகளுக்கு என்பது அக்காவின் எண்ணம். அறிவியல் புனைவு என்றால் விண்கலம், லேசர், சண்டை. அதுவும் தனக்கானது இல்லை என்பாள். இரண்டும் சேர்ந்த ஒரு படத்தை அவள் தேடிப்போய்ப் பார்த்திருக்க வழியே இல்லை. மகள் ‘வால்-ஈ’ பார்த்துக்கொண்டிருந்தபோது துணி மடிப்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் கை நின்றுவிட்டதாம். படம் முடிந்ததும் எனக்கு ஃபோன் செய்தாள். “ஒரு டப்பாவுக்காக உட்கார்ந்து அழுதிருக்கேன்டா, எனக்கே ஒரு மாதிரி இருக்கு” என்றாள். கூடவே இரண்டு விஷயம் சொன்னாள். விண்கலத்துக்குப் போன பிறகு படம் வழக்கமான கார்ட்டூன் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம், அறிவியல் படம் என்கிறார்களே, அதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

இந்த மூன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு படத்தைப் பத்துத் தடவை பார்த்த ரசிகர், படத்தோடு சேர்த்து அதைப் பற்றித் தான் படித்ததையும் கேட்டதையும் பார்க்கிறார். அக்கா மாதிரி போகிற போக்கில் பார்ப்பவர்களிடம் அப்படி எதுவும் கிடையாது. படம் அவர்களை எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்பது கலப்படமில்லாமல் தெரியும். அவள் சொன்ன மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்தப் படம் எங்கெல்லாம் சொல்லாமல் விடுகிறதோ அங்கெல்லாம் நாம் உள்ளே நுழைந்துவிடுகிறோம். எங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதோ அங்கே வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமி முழுக்கக் குப்பை. மனிதர்கள் விண்கலத்தில் ஏறிப் போய் 700 ஆண்டு ஆகிவிட்டது. குப்பையை அள்ளி வயிற்றுக்குள் வைத்து அழுத்தி, கட்டிகளாக்கி அடுக்குவதற்காக விட்டுப்போன எந்திரங்களில் ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் வால்-ஈ. பூமியில் உயிர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஈவ் என்ற வெள்ளை ரோபோ வந்து இறங்குகிறது. ஒரு செடி அகப்படுகிறது. அதைத் தொடர்ந்து கதை விண்கலத்துக்குப் போகிறது. பிக்சார் நிறுவனத்துக்காக ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய இந்தப் படம் 2008 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் வெளியானது. அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. கதையின் பொறி அதற்கும் வெகு முன்னால், 1994இல், பிக்சார்காரர்கள் சிலர் மதிய உணவுக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது விழுந்தது. மனிதர்கள் எல்லோரும் பூமியை விட்டுப் போகிறார்கள், கடைசி ரோபோவை அணைக்க மறந்துவிடுகிறார்கள் என்றால் என்ன ஆகும்? அவ்வளவுதான் அன்றைக்கு இருந்தது. அந்த ஒரு வரியிலேயே தனிமை இருக்கிறது, கவனியுங்கள்.

முதலில் டப்பாவைப் பார்ப்போம். வால்-ஈக்கு வாய் இல்லை, மூக்கு இல்லை. முகம் என்று சொல்ல இரண்டு கண் மட்டும். ஸ்டான்டன் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குப் போயிருந்தபோது யாரோ பைனாகுலரைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பி வைத்து, இரண்டு குழல்களையும் மேலும் கீழும் மடக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் மடக்கினால் சோகம், மறுபக்கம் மடக்கினால் மகிழ்ச்சி. ஆட்டத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாராம். வால்-ஈயின் முகம் அப்படி வந்ததுதான். ஒரு பைனாகுலருக்குச் சோகம் எங்கிருந்து வரும்? வராது. கோணம் மட்டும்தான் மாறுகிறது. சோகத்தைக் கொண்டுவந்து அதில் வைப்பது பார்க்கிற நாம்.

நாம் இதை எவ்வளவு சுலபமாகச் செய்கிறோம் என்று 1944இலேயே உளவியலாளர்கள் காட்டிவிட்டார்கள். ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் சின்னஞ்சிறு அனிமேஷன் படம் ஒன்றைத் தயாரித்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு பகுதி வைத்த செவ்வகம். இவை நகரும், மோதும், உள்ளே போகும், வெளியே வரும். வேறொன்றும் கிடையாது. முதல் குழுவில் 34 பேருக்கு அதைக் காட்டி, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று மட்டும் எழுதியவர் ஒரே ஒருவர். மற்ற எல்லோரும் உயிருள்ளவற்றின் கதையாகவே எழுதினார்கள்: பெரியவன் அடாவடி, சின்னவன் எதிர்த்து நிற்கிறான், வட்டம் பயந்து ஓடுகிறது என்கிற மாதிரி. கண்கூட இல்லாத முக்கோணத்திடம் நாம் இவ்வளவு தூரம் போகிறோம் என்றால், சாய்கிற இரண்டு கண் உள்ள பெட்டியிடம் மயங்கியதற்காக அக்கா ‘ஒரு மாதிரி’ ஆக வேண்டியதே இல்லை.

பிக்சாருக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். 1986இல் அவர்கள் இரண்டு மேஜை விளக்குகளை வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறும்படம் எடுத்தார்கள்; பெரிய விளக்கு ஒன்று, துள்ளி விளையாடும் குட்டி விளக்கு ஒன்று. கணினி வரைகலை வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் திரையிட்டார்கள். முடிந்ததும் ஜிம் பிளின் என்ற பெரிய ஆய்வாளர் எழுந்து வந்தார். நிழல் விழுவதற்கு என்ன கணக்கு போட்டீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து இயக்குநர் ஜான் லாசெட்டர் உள்ளுக்குள் பயந்திருக்கிறார். அவர் கேட்டது, அந்தப் பெரிய விளக்கு அப்பாவா அம்மாவா என்று. நிழல் கணக்கில் ஊறிய மனிதரே அப்படித்தான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். விளக்குக்கு முகமே இல்லை. சாய்வும் தயக்கமும் துள்ளலும் மட்டும்தான் உண்டு.

ஸ்டான்டன் பின்னாளில் ஓர் உரையில் இதையே கணக்கு பாஷையில் சொன்னார். பார்வையாளருக்கு நாலு என்று விடையைக் கொடுக்காதீர்கள், இரண்டையும் இரண்டையும் கொடுங்கள், கூட்டுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். வால்-ஈயின் முதல் அரை மணி நேரத்துக்கும் மேலாக உரையாடல் என்று சொல்லத்தக்கது ஏதும் கிடையாது. கூட்டல் முழுக்க நம் தலையில். ஒரு காட்சியில் குப்பையிலிருந்து கரண்டியும் முட்கரண்டியும் சேர்ந்த மாதிரி ஒன்று கிடைக்கிறது. வால்-ஈயின் வீட்டில் கரண்டிகள் ஒரு பக்கம், முட்கரண்டிகள் ஒரு பக்கம். இதை எங்கே வைப்பது? இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறது. கடைசியில் நடுவில் வைக்கிறது. ஏழு நொடிகூட இருக்காது. அது ஒழுங்கை விரும்புகிறது, யோசிக்கிறது, புரியாததையும் தூக்கிப் போடாமல் இடம் கொடுக்கிறது என்பதெல்லாம் நமக்குப் புரிந்துவிடுகிறது. இன்னொரு இடத்தில் வைர மோதிரம் இருக்கும் குட்டிப் பெட்டி கிடைக்கும். மோதிரத்தை எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்ளும். திறந்து மூடினால் டப்பென்று சத்தம் வருகிறதே! அக்கா சிரித்தது அந்த இடத்தில்தான். அழுததற்கான அஸ்திவாரமும் அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பொருளைத் தன் கண்ணால் பார்த்துத் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிற ஒன்றை நாம் எந்திரம் என்று நினைப்பதை விட்டுவிடுகிறோம்.

பேச்சு இல்லாத இடத்தை ஒலி நிரப்புகிறது. அந்த வேலை பென் பர்ட்டுடையது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் ஆர்2-டி2 என்ற ரோபோவின் கீச்சுக் குரலை உண்டாக்கியவரும் இவர்தான். வால்-ஈயின் குரலும் இவருடையதே, கணினியில் உருமாற்றியது. படத்துக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சேர்த்தார். வால்-ஈ ஊர்ந்து போகும்போது கேட்கும் உறுமல், கையால் சுற்றும் பழைய ஜெனரேட்டர் ஒன்றின் சத்தம். கரப்பான் பூச்சியின் கால் சத்தத்துக்குப் போலீஸ் கைவிலங்கைப் பயன்படுத்தினார். இவை எல்லாமே எடையுள்ள, தேய்ந்த, நிஜப் பொருள்களின் சத்தம். பார்ப்பவருக்கு அது ஜெனரேட்டர் என்று தெரியாது. ஆனால் இது துருப்பிடித்த பழைய வண்டி, இதற்கு நோகும் என்று காது சொல்லிவிடும். ஈவின் ஒலிகளில் உராய்வே இருக்காது. இரண்டும் எவ்வளவு எட்டாத தூரத்தில் இருக்கின்றன என்பது, ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

கேமரா விஷயமும் உண்டு. கணினிக்குள் நிஜ லென்ஸ் கிடையாது. வேண்டுமென்றால் எல்லாமே கூர்மையாகத் தெரியும், வளைவு இருக்காது, மங்கல் இருக்காது. 1970களின் அறிவியல் படங்களுக்கு இருந்த தோற்றம் ஸ்டான்டனுக்கு வேண்டியிருந்தது. பழைய பானாவிஷன் கேமராக்களை வாடகைக்கு எடுத்து, நிஜ லென்ஸ் எந்த இடத்தில் எப்படி மங்குகிறது, ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து, அந்தக் குறைகளைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸை வரவழைத்து ஆலோசனை கேட்டார்கள். அதனால்தான் முதல் பாதியில் யாரோ ஒருவர் புழுதிக்குள் நின்று தூரத்திலிருந்து வால்-ஈயைப் படம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. “நிஜமா எடுத்த மாதிரி இருந்துச்சு” என்று அக்கா சொன்னது வெறும் பாராட்டு இல்லை; துல்லியமான கவனிப்பு.

சரி, விண்கலத்துக்குப் போன பிறகு ஏன் அவளுக்குச் சப்பென்று ஆனது?

அங்கே போனதும் படம் பேச ஆரம்பித்துவிடுகிறது. கேப்டன் பேசுகிறார், தானியங்கிச் சுக்கான் பேசுகிறது, விளம்பரம் பேசுகிறது. யார் நல்லவர், யார் தடை, எந்த இடத்தில் செடியை வைக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு அறிவிக்கப்படுகிறது. துரத்தல் தொடங்குகிறது. செய்நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூட்டல் வேலை மட்டும் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அவர்களே நாலு என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பாதியிலும் அக்காவுக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. வால்-ஈ தீயணைப்பான் உருளையைப் பிடித்துக்கொண்டு அதன் பீய்ச்சலில் விண்வெளியில் மிதக்க, ஈவும் அதுவும் ஒன்றையொன்று சுற்றி வருகிற இடம். அங்கே இரண்டும் பேசுவதில்லை.

பழைய அறிவியல் படங்களை அறிந்தவர்களுக்கு இரண்டாம் பாதியில் வேறு ஈடுபாடு கிடைக்கும். அந்தச் சுக்கானின் ஒற்றைச் சிவப்புக் கண், 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் கணினிக்கு வணக்கம். அந்தப் படத்தை அறியாத அக்காவுக்கு அது வெறும் சிவப்பு விளக்கு. அவள் சலிப்பை ரசனைக் குறைவு என்று தள்ள நான் தயாராக இல்லை. ஒரு குறிப்பைப் புரிந்துகொண்டால்தான் காட்சி உயிர் பெறும் என்றால், காட்சியில் ஏதோ பாக்கி இருக்கிறது.

மனிதர்களைக் காட்டிய விதத்திலும் எனக்கு நெருடல் உண்டு. மிதக்கும் நாற்காலியில் சாய்ந்து, திரையைப் பார்த்தபடியே பருத்துப்போனவர்கள். பருத்த உடம்பைச் சோம்பலின் அடையாளமாக ஆக்கிவிட்டார்கள் என்று படம் வந்த காலத்திலேயே விமர்சனம் எழுந்தது. தொடக்கத் திட்டத்தில் அவர்கள் மனிதர்களாகவே தெரிய மாட்டார்களாம். புரியாத மொழி பேசும் கொழகொழப்பான வேற்றுக்கிரக உருவங்கள், கடைசியில்தான் மனிதர்கள் என்று தெரியவரும். பிறகு அதை மாற்றி, பெரிய குழந்தைகள் மாதிரி ஆக்கினார்கள். எலும்பு தேய்ந்துபோனதற்கு எடையற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு வரி வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி இழக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கலத்துக்குள் எல்லோருக்கும் கால் தரையில் பாவுகிறது. அங்கே ஈர்ப்பு இருக்கிறதே! காரணம் பொருந்தவில்லை. வால்-ஈயிடம் காட்டிய பொறுமையை இந்த மனிதர்களிடமும் காட்டியிருக்கலாம். நாற்காலியிலிருந்து விழுந்த ஒருவரும் திரை அணைந்துபோன ஒருத்தியும் தற்செயலாகக் கை தொட்டுக்கொள்கிற சின்னக் காட்சி மட்டும் அந்தத் தரத்துக்கு எட்டுகிறது.

இனி அறிவியல் எங்கே என்ற கேள்வி. பிழைகளிலிருந்தே தொடங்கலாம். விண்வெளியில் சத்தம் கேட்காது, படத்தில் கேட்கிறது. வால்-ஈ தினமும் போட்டுப் பார்க்கும் பழைய பாடல் படம் வீடியோ நாடாவில் இருக்கிறது. காந்த நாடா சில பத்தாண்டுகளிலேயே கெட்டுப்போகும். 700 ஆண்டு தாங்காது. செடி கிடைப்பது ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள். வால்-ஈ கதவை அறுத்துத் திறக்கிறது, உள்ளே பச்சைப் பசேல் என்று ஒரு துளிர். இருட்டில் முளைக்கிற செடி ஒளியைத் தேடி நீண்டு, வெளிறி, மஞ்சளாகத்தான் இருக்கும். வெளிச்சம் படாமல் அந்தப் பச்சை வராது.

ஆனால் விதை தூங்கிக் கிடந்து முளைப்பது நம்ப முடியாத கதை இல்லை. இஸ்ரேலில் மசாதா கோட்டையின் அகழாய்வில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைய பேரீச்சை விதை ஒன்றை 2005இல் ஊன்றினார்கள். அது முளைத்து மரமாகிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் 700 ஆண்டு பெரிதே இல்லை.

படத்தில் எனக்கு மிகவும் அறிவியலாகப் படுவது, யாரும் பேசாமல் கடந்துபோகிற ஒரு காட்சி. ராக்கெட் பூமியை விட்டுக் கிளம்பும்போது, செத்துப்போன செயற்கைக்கோள்களின் அடர்ந்த கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். விண்வெளிக் கழிவு ஒன்றோடொன்று மோதி, உடைந்து, அந்தத் துண்டுகள் மேலும் மோதி, சுற்றுப்பாதையே பயன்படுத்த முடியாததாக ஆகலாம் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978இல் எழுதினார். படம் ஆஸ்கர் மேடை ஏறுவதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால், 2009 பிப்ரவரி 10 அன்று, இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251உம் சைபீரியாவுக்கு மேலே மோதி நொறுங்கின. இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் அப்படித் தற்செயலாக மோதியது அதுவே முதல் முறை. இன்று கண்காணிப்பில் இருக்கும் பொருள்கள் மட்டும் 30,000க்கும் மேல். இந்தக் கூட்டத்திலிருந்து ஸ்புட்னிக் மாதிரி ஒன்று வால்-ஈயின் தலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். நிஜ ஸ்புட்னிக் 1 ஏவிய மூன்றே மாதத்தில், 1958 ஜனவரியில், வளிமண்டலத்தில் எரிந்துபோனது. தெரிந்தேதான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மனிதன் ஏவிய முதல் செயற்கைக்கோளும் குப்பையோடு குப்பையாக இருக்கிறது என்பது ஒரு சொல்லும் இல்லாமல் வந்துவிடுகிறது. பூமியில் பார்த்த குப்பைமேட்டின் தொடர்ச்சிதான் அது என்பதையும் யாரும் சொல்வதில்லை. அக்காவிடம் கேட்டேன். அந்தக் காட்சி நினைவிருக்கிறது என்றாள். “அங்கேயும் போட்டு வச்சிருக்காங்களேன்னு இருந்துச்சு” என்றாள். அறிவியல் எங்கே என்று கேட்டவள், அதைப் பார்த்து உள்ளே வாங்கியும் இருக்கிறாள். யாரும் விளக்கவில்லை என்பதால் அதற்கு அறிவியல் என்று அவள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் வழக்கம்போல அவள் எழுந்துவிட்டாளாம். போய் அதை மட்டும் பார் என்று சொல்லியிருக்கிறேன். மனிதர்கள் திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. குகை ஓவியத்தில் தொடங்கி எகிப்து, கிரேக்கம் என்று ஓவிய வரலாற்றின் பாணிகள் வழியாகவே போகிறது. பேச்சு கிடையாது.

தீயணைப்பான் காட்சிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது நிஜத்திலும் நடந்தது. வாயு ஒரு பக்கம் பீய்ச்சினால் உருளை எதிர்ப்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, வெற்றிடத்திலும் பிசகாது. 2018 மே மாதம் இன்சைட் என்ற ஆய்வுக்கலத்தை நாசா செவ்வாய்க்கு அனுப்பியபோது, கைப்பெட்டி அளவில் இரண்டு குட்டிச் செயற்கைக்கோள்களையும் கூடவே அனுப்பியது. அதிகாரப்பூர்வப் பெயர் மார்கோ-ஏ, மார்கோ-பி. திசை திருப்ப அவற்றில் அடைத்திருந்த வாயு தீயணைப்பான்களில் பயன்படுவது. அதனால் பொறியாளர்கள் அவற்றை ஈவ், வால்-ஈ என்றே கூப்பிட்டார்கள். இந்த வகைக் குட்டிச் செயற்கைக்கோள்கள் அதற்கு முன் வேறொரு கோள் வரை போனதில்லை. நவம்பர் 26 அன்று இன்சைட் தரையிறங்கிய ஒவ்வொரு கட்டத்தின் செய்தியையும் உடனுக்குடன் பூமிக்கு அஞ்சல் செய்தவை இந்த இரண்டும்தான். அப்புறம் செவ்வாயைக் கடந்து போய்விட்டன. வால்-ஈயிடமிருந்து கடைசிச் சமிக்ஞை வந்தது டிசம்பர் 29. ஈவிடமிருந்து 2019 ஜனவரி 4.

இதை அக்காவிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டும் ஒரே பக்கமா போகுது?” என்று கேட்டாள். சூரியனைச் சுற்றித் தனித்தனிப் பாதையில் என்றேன்.